கடலோர வீட்டில் செர்ரி: களா, பார்படாஸ், சுரினாம், தேன்பழம் – எந்த வீட்டுக்கு எது?

நர்சரியில் "செர்ரிச் செடி இருக்கா?" என்று கேட்டால் நான்கைந்து செடிகளை எடுத்து முன்னால் வைப்பார்கள். எல்லாமே சிறிய, சிவந்த, உருண்டைப் பழம் தருபவை. எல்லாவற்றுக்கும் பெயரில் ஒரு செர்ரி ஒட்டியிருக்கும். ஆனால் ஒன்று உப்புத் தண்ணீரைத் தாங்கும், மற்றது தாங்காது. ஒன்று இரண்டாம் ஆண்டே காய்க்கும், இன்னொன்று ஆறாம் ஆண்டிலும் யோசித்துக்கொண்டிருக்கும். மதுரைப் பக்கமோ தேனிப் பக்கமோ இருப்பவர்கள் எதை வைத்தாலும் பெரிதாகக் கெட்டுப்போகாது. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை நீளும் இந்த இராமநாதபுரம் மாவட்டக் கரையில் அப்படி முடியாது. இங்கே தண்ணீரும் காற்றும்தான் மரத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. அவை விட்டுவைத்ததில்தான் நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ள முடியும்.

முதலில் கழிக்க வேண்டிய செர்ரி

காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் விளையும் உண்மையான செர்ரி இங்கே காய்க்காது. அந்த மரம் குளிர்காலத்தில் உறங்கி எழ வேண்டும். அதற்கு 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரக் குளிர் தேவை. மார்கழி விடியலில்கூட அந்தக் குளிரின் பக்கமே நாம் போவதில்லை. இணையத்தில் "எல்லா ஊருக்கும் ஏற்ற செர்ரி" என்று விற்கும் விதையும் கன்றும் நல்ல பச்சையாக ஓர் ஆண்டு நின்று, பிறகு இலை கருகிப் போகும். அதில் காசு போட வேண்டாம்.

மிச்சமிருப்பவை வெப்பநாட்டுச் செர்ரிகள்: பார்படாஸ் செர்ரி, சுரினாம் செர்ரி, சிங்கப்பூர் செர்ரி என்றும் சொல்லப்படும் தேன்பழம், ரியோ கிராண்டே செர்ரி. இவற்றோடு நம்மூர்க் களாவையும் வரிசையில் நிறுத்துகிறோம். காரணம் எளிது. பேக்கரியில் கேக்கின் மேல் செர்ரி என்று உட்கார்ந்திருக்கும் சிவப்பு உருண்டை பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயமேறிய களாக்காய்தான்.

எதை வைத்து முடிவு செய்வது

*தண்ணீர்.* செடி வாங்குவதற்கு முன் டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி) ஒன்றை வாங்குங்கள், அல்லது ஆர்.ஓ. பழுதுபார்ப்பவரிடம் இரவல் கேளுங்கள். பாசன நீருக்கு உலக உணவு வேளாண்மை அமைப்பு சொல்லும் வரம்பு இது: லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே கவலையில்லை. 450 முதல் 2,000 வரை செடிக்குச் செடி தாங்கும் சக்தி மாறும். 2,000க்கு மேல் போனால் பெரும்பாலான பழமரங்களுக்கு ஆகாது.

அளக்கும் மாதம் முக்கியம். கடலோர மணலில் மழைநீர் உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. அதனால்தான் ஆழமில்லாத ஊற்றில் நல்ல தண்ணீரும், பக்கத்திலேயே ஆழமாகப் போட்ட போரில் உவர்ப்புத் தண்ணீரும் வருகின்றன. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையில் படலம் தடிக்கும், கோடை முழுக்க இறைத்தால் மெலியும். மார்கழியில் 600 காட்டிய கிணறே புரட்டாசியில் இருமடங்குக்கு மேல் காட்டக்கூடும். மரத்தைக் கொல்வது புரட்டாசித் தண்ணீர். ஆகவே அந்த எண்ணை வைத்தே முடிவெடுங்கள்.

*காற்று.* பாக் நீரிணைப் பக்கம் (தொண்டி, தேவிபட்டினம்) வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்றில்தான் கடல் கொந்தளிக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் (கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம்) தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றில். செடிக்கு இரண்டும் ஒன்றல்ல. வாடை மழையோடு வருவதால் இலையில் படிந்த உப்பை அதே வாரத்தில் மழை கழுவிவிடும். கச்சான் வறண்ட காற்று. வைகாசியிலிருந்து ஆவணி வரை படிந்த உப்பு இலை மேலேயே கிடக்கும், நுனியிலிருந்து கருக்கும். எனவே ஒரே தூரத்தில் கடல் இருந்தாலும், கீழக்கரை வீட்டுத் தோட்டம் தேவிபட்டினம் வீட்டுத் தோட்டத்தைவிடக் கடினமானது. இராமேசுவரம் தீவிலும் மண்டபத்திலும் இரண்டு காற்றும் உண்டு.

*மண்.* தீவிலும் கரையோரத்திலும் சிப்பித்தூள் கலந்த வெள்ளை மணல். சுண்ணாம்பு மிகுந்தது, நீர் நிற்காது. அதில் இரும்புச்சத்து இருந்தாலும் வேருக்கு எட்டாது. இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சாயல்குடிப் பக்கம் உள்ளே போகப்போகக் கரிசல் களி. அங்கே சிக்கல் நேர்மாறு: மழைக்காலத்தில் நீர் தேங்கி வேர் அழுகும்.

*பிறகு மற்றவை:* எத்தனை அடி இடம் இருக்கிறது, பழத்தை அப்படியே தின்னவா ஊறுகாய்க்கா, வீட்டில் ஓடித் திரியும் குழந்தைகள் உண்டா, வௌவால் எச்சம் சுவரில் வழிந்தால் பொறுப்பீர்களா.

| | களா | பார்படாஸ் | சுரினாம் | தேன்பழம் |
|---|---|---|---|---|
| உப்புத் தண்ணீர் | வேரூன்றியபின் நன்றாகத் தாங்கும் | ஓரளவு | தாங்காது | தாங்காது |
| உப்புக்காற்று | தாங்கும் | மறைப்பு வேண்டும் | மறைப்பு வேண்டும் | இலை கருகும் |
| பலத்த காற்று | அசையாது | வேர் மேலோட்டம், சாயும் | பரவாயில்லை | கிளை முறியும் |
| வறட்சி | மிக நன்று | நடுத்தரம் | நடுத்தரம் | நன்று |
| முதல் காய்ப்பு | 2–3 ஆண்டு | பதியன் செடி 2–3 ஆண்டு | 2 முதல் 6 ஆண்டு, சில சமயம் கூடுதல் | சுமார் 2 ஆண்டு |
| உயரம் | 2–4 மீ., புதர் | 2–4 மீ. | 2–4 மீ., வெட்டி நிறுத்தலாம் | 7–12 மீ. |
| அப்படியே தின்ன | பழுத்தால் மட்டும் | புளிப்பு இனிப்பு | நன்கு கறுத்தால் நன்று | இனிப்பு |
| தொல்லை | முள், பால் | நூற்புழு, பூ உதிர்தல் | பிசின் வாடை, பழ ஈ | வௌவால், குப்பை |

பார்படாஸ் செர்ரி: நல்ல தண்ணீர் இருந்தால் முதல் இடம்

எதிரெதிராகப் பளபளக்கும் சிறிய இலை, இளஞ்சிவப்புப் பூ, கரண்டி போல் காம்பு வைத்த ஐந்து இதழ். பழம் முழு உருண்டை அல்ல. மூன்று மெல்லிய பள்ளம் ஓடும், உள்ளே மூன்று விதை. வாங்கும்போது இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். இதே குடும்பத்து அலங்காரச் செடிகளையும் செர்ரி என்றே கொடுத்துவிடுவார்கள்.

இதன் பெருமை வைட்டமின் சி. நூறு கிராம் ஆரஞ்சில் 50 மில்லிகிராம் அளவுக்குத்தான் உண்டு. இதிலோ 1,000 முதல் 2,000 வரையும் அதற்கு மேலும் இருக்கும். காய் பழுக்கப் பழுக்க அது குறையும், பறித்தபின் இன்னும் வேகமாகக் குறையும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு உச்சவரம்பு 2,000 மில்லிகிராம் என்பதால் தினமும் ஐந்தாறு பழமே ஏராளம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவது நல்லது.

பூத்து மூன்று நான்கு வாரத்தில் பழம் கைக்கு வரும். ஆண்டுக்கு ஒரே பருவம் என்றில்லை. காய்ந்து கிடந்து தண்ணீர் பட்டதும் துளிர்த்துப் பூக்கும், இப்படிப் பல தடவை. ஆனால் பறித்த பழம் வெளியே இரண்டு மூன்று நாள்கூட நிற்காது, புளித்துவிடும். உறவினர் வீட்டுக்குப் பொட்டலம் கட்டி அனுப்பும் பழம் இல்லை இது. அன்றன்று தின்ன வேண்டும், அல்லது கொட்டை நீக்கிப் பிழிந்து உறையவைக்க வேண்டும்.

எங்கே தவறுகிறது? மூன்று இடங்களில்.

ஒன்று, நூற்புழு. மணலில் வேர்முடிச்சு நூற்புழு பெருகும், இந்தச் செடி அதற்கு மிகப் பிடித்தது. நன்றாக வளர்ந்துகொண்டிருந்த செடி இரண்டாம் ஆண்டில் காரணமில்லாமல் நின்றுவிட்டால் மேல்மண்ணை விலக்கிச் சல்லிவேரைப் பாருங்கள். கடுகு, மிளகு அளவில் முடிச்சு இருந்தால் அதுதான். நடும்போதே குழிக்கு 500 கிராம் முதல் ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கு, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை 500 கிராம், சுற்றிலும் செண்டுமல்லி. தக்காளி, கத்தரி, வெண்டை வைத்துச் சோர்ந்துபோன பாத்தியில் இதை நடவே கூடாது, ஏனென்றால் புழு அங்கே காத்திருக்கும்.

இரண்டு, பூ உதிர்தல். இதன் தாயகமான வெப்ப அமெரிக்காவில் எண்ணெய் திரட்டும் ஒரு தனித் தேனீ இனம் இந்தப் பூக்களைத் தேடி வரும். அது நம் நாட்டில் கிடையாது. அதனால் பூத்ததில் சிறு பங்குதான் காயாகும், அது நோயல்ல. பூச்சிக்கொல்லி அடித்து அதைச் சரிசெய்ய முடியாது. அடித்தால் வருகிற கொஞ்ச நஞ்ச வண்டும் போகும். வேறு வேறு தாய்மரத்திலிருந்து வந்த இரண்டு செடிகளை இரண்டரை மீட்டர் இடைவெளியில் வைத்தால் காய்ப்பு கூடும்.

மூன்று, காற்று. வேர் ஆழம் போகாது. ஐப்பசியில் மண் ஊறி, வாடை தள்ளினால் செடி அப்படியே சாயும். முதல் இரண்டு ஆண்டு இரு பக்கமும் முளை அடித்துத் தளர்வாகக் கட்டுங்கள்.

இளந்தளிரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சுணை இருக்கும். கவாத்து செய்யும்போது முழுக்கைச் சட்டை போடுங்கள், அரிக்கும். விதையில் முளைப்பு மோசம், இனிப்பும் நிச்சயமில்லை. விண்பதியம் (மரத்துக் கிளையிலேயே வேர்விடச் செய்து வெட்டியெடுத்தது) அல்லது குச்சியில் வேர்விட்ட செடியாகவே, முடிந்தால் காய்த்து நிற்கும் செடியில் ஒரு பழத்தைத் தின்று பார்த்து வாங்குங்கள்.

புரட்டாசியில் டி.டி.எஸ். 1,000க்குள் இருந்தால் தைரியமாக வைக்கலாம். அதற்கு மேல் என்றால் மழைநீர்த் தொட்டி இல்லாமல் இறங்க வேண்டாம்.

சுரினாம் செர்ரி: அழகு, ஆனால் உப்பு ஆகாது

எட்டு வரிப் பள்ளத்துடன் சின்னப் பூசணிக்காய் போல் தொங்கும் பழம், செம்பு நிறத் துளிர், வெட்ட வெட்ட அடர்ந்து வரும் புதர். பார்க்க இதைவிட அழகான செர்ரி இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர்கள் இதைக் கோவாவுக்குக் கொண்டுவந்ததாகவும், இத்தாலியில் பீசா நகரத்துத் தோட்டத்துக்குச் சென்ற செடி கோவாவிலிருந்து போனதாகவும் கருதப்படுகிறது. அங்கே நின்ற செடியைப் பார்த்துத்தான் தாவரவியலார் இதை முதன்முதலில் விவரித்தார்கள். நம் கரைக்கு அந்நியம் என்று தள்ள முடியாத செடிதான்.

மண்ணில் இதற்குக் கூச்சம் இல்லை: மணல், களி, சுண்ணாம்பு மண், கொஞ்ச நாள் நீர் தேங்கினாலும் சமாளிக்கும். உப்பை மட்டும் பொறுக்காது. இலைவிளிம்பு பழுப்பாகும், துளிர் சுருங்கும், செடி சாகாமலும் வளராமலும் பல ஆண்டு நிற்கும். சாவதைவிட இது மோசம், ஏனென்றால் இடத்தையும் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு நம்பிக்கை கொடுத்துக்கொண்டே இருக்கும். காவிரிக் குடிநீரோ மழைநீரோ மட்டும் ஊற்ற முடிந்த, கடலுக்குப் பல தெரு உள்ளே இருக்கும் வீட்டுக்கு மட்டும் இது. டி.டி.எஸ். 500க்கு மேல் போனால் வேறு செடி பாருங்கள்.

சுவையில் ஒரு தந்திரம் உண்டு. ஆரஞ்சு நிறத்தில் பறித்தால் டர்ப்பன்டைன் வாடையும் கசப்பும் அடித்து, "இதுவா பழம்?" என்று துப்புவார்கள். அடர்சிவப்போ கறுப்போ ஆகி, கை பட்டதும் உதிர வேண்டும், இழுத்தால் வரக் கூடாது. கொட்டையை எடுத்துச் சர்க்கரை தூவி இரண்டு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வாடை பெரும்பாலும் போய்விடும். கொட்டையைத் தின்னக் கூடாது, வயிற்றைக் கெடுக்கும். கறுப்பு ரகத்தில் வாடை குறைவு. முழுதாகப் பழுக்கவிட்டால் பழ ஈயும் அதே நாளில் வரும் என்பது இதன் சங்கடம். கொத்துக்கு மெல்லிய துணிப்பை கட்டுவதே வீட்டளவில் சரியான வழி.

விதை ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடு இராது. அதனால் அஞ்சலில் வரும் காய்ந்த விதைப் பொட்டலம் வீண்.

களா: கரைக்காகவே பிறந்தது போல

கடலைப் பார்த்த வீட்டுக்காரர் கேட்டால் யோசிக்காமல் சொல்ல வேண்டிய பதில் இது. உப்பும் உவரும் வறட்சியும் இதற்குப் பெரிய பொருட்டில்லை. வேர் பிடித்தபின் நல்ல வடிகால் உள்ள மணலில் 2,000 டி.டி.எஸ். வரை ஊற்றலாம். இரண்டாம் கோடையைத் தாண்டிவிட்டால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை தண்ணீர் காட்டினாலும் நிற்கும். பொறுக்காதது ஒன்றுதான், தேங்கிய நீர். சாயல்குடிப் பக்கத்துக் கரிசலில் ஓர் அடி உயர மேடு போட்டு அதன் மேல் நடுங்கள்.

காற்றுத்தடுப்பும் இதுவே. தென்மேற்கு வேலியில் ஒரு மீட்டருக்கு ஒரு செடி வைத்து, இடுப்பளவில் வெட்டி வெட்டி விட்டால் மூன்று நான்கு ஆண்டில் ஆடு மாடு நுழையாத உயிர்வேலி. அதன் மறைவில் பார்படாஸ் செர்ரி பிழைக்கும். இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் இந்தக் கரையில் நல்ல தேர்வு, ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிப்பதல்ல. இளஞ்செடியை மட்டும் ஆடு விடாது, முள் முற்றும்வரை தட்டி கட்டிக் காக்க வேண்டும்.

காய்க்காகத் தனியே வைப்பதென்றால் இரண்டரை மீட்டர் இடைவெளி கொடுங்கள். தை, மாசியில் மல்லிகை போல் மணக்கும் வெள்ளைப் பூ, கோடையில் காய், ஆனி ஆடியில் பழம். அறுவடை முடிந்ததும், ஐப்பசி மழைக்கு முன்பாக லேசாகக் கவாத்து. மழையில் வரும் புதுக் கிளையின் நுனியில்தான் அடுத்த பூ. தை மாதத்தில் வெட்டினால் அந்த ஆண்டுக் காயை வெட்டியதாகும். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா, மகாராஷ்டிரத்துத் தாபோலி வேளாண் பல்கலைக்கழகத்தின் கொங்கண் போல்டு ஆகியவை பெரிய காய் ரகங்கள். கிடைக்கவில்லையென்றால் நாட்டுக்களா போதும். காய் சிறுத்தாலும் மணம் உண்டு.

மறைச்செலவு முள்ளிலும் பாலிலும் இருக்கிறது. கவட்டை முள் இரண்டு அங்குலம் வரை நீளும். நடைபாதை ஓரம், தண்ணீர்க் குழாயடி, சைக்கிள் நிறுத்துமிடம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைத்தவர்கள் ஐந்தாம் ஆண்டில் வெட்டி எறிந்திருக்கிறார்கள். மதில் ஓரமாக, மனித நடமாட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள். காய் பறித்ததும் காம்பில் வெள்ளைப் பால் வடியும். துணியில் பட்டால் கறை, கத்தியில் பட்டால் பிசின். காயை லிட்டருக்கு 20 கிராம் கல்லுப்பு கரைத்த நீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் தேய்த்துக் கழுவினால் போகும். கையிலும் கத்தியிலும் முன்கூட்டியே நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

பேக்கரிச் செர்ரியை வீட்டில் செய்ய விரும்புவோருக்கு: சிவக்கத் தொடங்கிய, இன்னும் கெட்டியான காயாகப் பறித்து, ஒரு பக்கம் கீறிக் கொட்டையை எடுத்து, மேற்சொன்னபடி உப்பு நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். கொதிநீரில் மூன்று நிமிடம். கிலோ காய்க்கு 500 கிராம் சர்க்கரையில் மெல்லிய பாகு வைத்துச் சூடாகக் காய் மேல் ஊற்றி ஒரு நாள் விடுங்கள். அடுத்த மூன்று நாளும் பாகை வடித்து, 150 கிராம் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்துத் திரும்ப ஊற்றுங்கள். முதல் நாளே கெட்டிப் பாகில் போட்டால் காய் சுருங்கித் தோல்போல் ஆகிவிடும், பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். நிறத்துக்கு இரண்டு துண்டு பீட்ரூட் போதும்.

தேன்பழம்: நிழலுக்கு வையுங்கள், பழம் இலவசம்

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் பொறுக்கித் தின்னும் அதே மரம். சுவையில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், வளர்த்தியில் எதுவும் கிட்ட நெருங்காது. ஆனால் இரவெல்லாம் வௌவால், பகலெல்லாம் மைனா, கொண்டைக்குருவி. வெள்ளைச் சுவரில் எச்சம், வாசலில் ஒட்டும் பழம். சுவர் விரிசலிலும் மாடிக் குழாயடியிலும் குருவி விதைத்த கன்று முளைக்கும். கிளை மென்மையானது, கச்சானில் படபடவென்று முறியும். ஏழெட்டு மீட்டருக்கு மேல் போகும் மரத்தை மின்கம்பிக்குக் கீழே வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீரும் ஆகாது. ஊருக்குள், பெரிய கொல்லையில், வீட்டிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி வைக்க இடமிருந்தால் சரி. ஐந்து சென்ட் மனைக்கு இது வேண்டாம்.

ரியோ கிராண்டே செர்ரி

தெற்கு பிரேசிலின் குளிர்ந்த பகுதிச் செடி. அமிலத்தன்மையுள்ள மண்ணும் இதமான குளிரும் விரும்புவது. சுண்ணாம்பு மணலில் இலை மஞ்சளித்து நிற்கும், காய்க்க எப்படியும் நான்கைந்து ஆண்டு. விலையும் அதிகம். கொடைக்கானல் மலைப்பக்கம் தோட்டம் இருப்பவர்களுக்கு நல்ல செடி, நமக்கில்லை.

எந்த வீட்டுக்கு எது

கடலைப் பார்த்த முதல் வரிசை வீடு: களா மட்டும். பழவகை வேறு கட்டாயம் வேண்டுமென்றால் களாவின் உறவுக்காரனான நேட்டால் பிளம். கடற்காற்றை அதுவும் அருமையாகத் தாங்கும், பழம் பெரிது, முள் உண்டு.

கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே பனங்கூட்டமோ இரண்டு வரிசை வீடோ இருந்து, தண்ணீர் 1,000க்குள் என்றால்: தென்மேற்கில் களா வேலி, வீட்டின் வடகிழக்கு மறைவில் ஒரு பார்படாஸ். தொண்டி, தேவிபட்டினம் பக்கத்தவர்கள் இந்தத் திசையை அப்படியே திருப்பிக்கொள்ளுங்கள்: வேலி வடகிழக்கில், செடி தென்மேற்கு மறைவில்.

இராமநாதபுரம், திருப்புல்லாணி போல உள்ளே தள்ளி, நல்ல தண்ணீரும் இருந்தால்: பார்படாஸ் இரண்டு. ஆசைக்கு ஒரு சுரினாம்.

வாடகை வீடு, மாடி: பார்படாஸ் மட்டும், 50 லிட்டர் தொட்டியில்.

வெளிநாட்டில் வேலை பார்த்து ஆண்டுக்கு ஒரு மாதம் வீட்டுக்கு வருபவர்கள், தோட்டத்தைப் பார்க்க ஆளில்லாதவர்கள் களாவைத் தவிர எதையும் வைக்க வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கு

செடியின் விலையைவிடத் தண்ணீர்தான் செலவு. மூன்றாம் ஆண்டுப் பார்படாஸ் செடிக்கு மணலில் மூன்று நாளுக்கு ஒரு முறை இரண்டு குடம், அதாவது 30 லிட்டர். மாசியிலிருந்து புரட்டாசி வரை எட்டு மாதத்துக்கு 80 தடவை, 160 குடம், 2,400 லிட்டர். குடத்துக்குக் காசு கொடுத்துத் தள்ளுவண்டியில் வாங்கும் தெருவில் இதைப் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். களாவுக்கு இதில் கால்பங்கு.

மறுபக்கம், 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். வழிந்தது போக 800 லிட்டர் தொட்டிக்கு வரும். மூன்று நல்ல மழையில் ஒரு செடியின் கோடைக் கணக்கு தீர்ந்தது, தொட்டி இருந்தால். ஏ.சி. குழாயில் சொட்டும் நீரில் உப்பே கிடையாது, வாளி வையுங்கள். ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் நீரை மட்டும் செடிக்கு விடாதீர்கள். உள்ளே போன தண்ணீரின் உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. நல்ல எண்ணத்தில் அதைச் செர்ரிக்குத் திருப்பிவிட்டு மரத்தைக் கொன்றவர்கள் நிறைய.

குழி

மணற்பாங்கில் ஐப்பசி முதல் மழைக்குப் பின் நடலாம், மழையே மேல் உப்பைக் கழுவிக் கொடுக்கும். களிமண்ணில் தை வரை பொறுங்கள். இரண்டடிக்கு இரண்டடிக்கு இரண்டடி குழி. மணலென்றால் மேல்மணல் இரண்டு பங்கு, கண்மாய்க் கரம்பை (வண்டல் மண்) ஒரு பங்கு, நன்கு மக்கிய சாணி எரு ஒரு பங்கு, வேப்பம்புண்ணாக்கு. கரம்பையை நாக்கில் வைத்துப் பாருங்கள். கடலோரக் கண்மாய்கள் சிலவற்றில் அதுவே உவர்ப்பாக இருக்கும். தேங்காய் மட்டையைக் குழியடியில் அடுக்கினால் ஈரம் நிற்கும், ஆனால் நல்ல தண்ணீரில் இரண்டு முறை ஊறவைத்து வடித்தபின்பே.

கருவாட்டுக் கழிவும், கரையொதுங்கிய கடற்பாசியும் கைக்கெட்டும் எரு என்று தோன்றும். இரண்டும் உப்பு மூட்டை. உப்புப் போடாத பச்சை மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் ஊறவைத்த மீன் அமிலம் நல்லது, லிட்டருக்கு 5 முதல் 10 மில்லி. ஜிப்சம் போடச் சொல்வார்கள். சோடியம் ஏறி இறுகிய களிமண்ணுக்கு அது மருந்து, சிப்பி மணலில் வீண்செலவு. எது எந்த மண் என்று குழப்பமானால் இராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போய்க் கேளுங்கள்.

இலை மஞ்சளித்து நரம்பு பச்சையாக நின்றால் லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட்டும் 1 கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) கரைத்து, மாலையில் இலையின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. மண்ணில் கொட்டினால் சுண்ணாம்பு அதைக் கட்டிப்போட்டுவிடும்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது இந்தத் தண்ணீரில் பெரிய தவறு. நீர் ஆவியாகி உப்பு மேலேயே தங்கும். இடைவெளி விட்டு, ஊற்றும் நாளில் வேருக்குக் கீழே இறங்கும்படி நிறைய ஊற்றுங்கள். தூரைச் சுற்றி அரை அடி தள்ளிப் பனையோலையோ சருகோ நான்கு அங்குல மூடாக்கு. கச்சான் மாதங்களில் வாரம் ஒரு முறை, நல்ல தண்ணீரில் இலையைக் கழுவிவிடுங்கள். வெயிலேறும் முன் செய்ய வேண்டும். ஓலைத் தட்டியைச் செடிக்கு ஒட்டிக் கட்டாமல் ஒரு மீட்டர் தள்ளி, காற்று கொஞ்சம் புகும்படி கட்டுங்கள். அடைத்துக் கட்டினால் காற்று மேலேறிச் சுழன்று செடியின் மேலேயே விழும்.

பறவைக்குப் பழைய மீன்வலை கைவசம் இருக்கும். செடி மேல் அப்படியே போர்த்தாதீர்கள். அணிலும் குருவியும் சிக்கிச் சாகும், கிளையும் முறியும். நான்கு குச்சி நட்டு விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள்.

சுரினாமோ ரியோ கிராண்டேயோ ஏற்கெனவே வாங்கிவிட்டால்

மண்ணில் இறக்காதீர்கள். அடியில் துளையிட்ட 50 லிட்டர் டிரம்மில், செம்மண்ணும் மக்கிய எருவும் கழுவிய தேங்காய் நாரும் சம அளவில் கலந்து, தரைமண் படாமல் செங்கல் மேல் வையுங்கள். மழைநீர், ஏ.சி. நீர், காவிரித் தண்ணீர் இவை மட்டும் ஊற்றுங்கள். மாதம் ஒரு முறை மூன்று குடம் தொடர்ந்து ஊற்றி அடித்துளை வழியே ஓடவிட்டு, கடைசியாக வழியும் நீரை மீட்டரில் அளந்து பாருங்கள். 800க்கு மேல் காட்டினால் இன்னொரு குடம் ஊற்றுங்கள். கச்சான் தொடங்கியதும் டிரம்மை வடகிழக்குச் சுவர் மறைவுக்கு உருட்டிவிட்டு, ஆவணி கடந்தபின் வெயிலுக்கு இழுத்து வாருங்கள்.